மணி அடிக்குது, குரல் வரலையே!

கும்பகோணம் பாத்திரக்கடையோ மன்னார்குடி அரிசி மில்லோ, ஐபி போன் (இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்) மாட்டிய பல இடங்களில் இதே தலைவலி. மணி அடிக்கும், எடுத்தால் நாம் பேசுவது அங்கே கேட்கும், அவர்கள் குரல் மட்டும் வராது. உடனே போனை மாற்றச் சொல்கிறார்கள். பாவம், போன் என்ன செய்யும்!

அழைப்பை இணைக்கும் 'சிப்' (SIP) முறைத் தகவல் வழக்கமாக 5060 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க்கின் எண் போட்ட வாசலில், போகிறது. குரல் வருவது தனி வழி. ஆஸ்டரிஸ்க் என்ற போன் சர்வர் மென்பொருளில் வழக்கமாக அது 10000 முதல் 20000 வரையுள்ள யூடிபி (UDP) வகை போர்ட்டுகள். சிப் தகவலைத் திருத்த ரவுட்டரிலுள்ள 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்ற வசதி நடுவில் புகுந்து, குரல் வரவேண்டிய முகவரியைத் தப்பாக மாற்றிவிடுகிறது. முதலில் அதை அணைத்துத் தொலையுங்கள். சர்வரில் வெளி ஐபியை (இன்டர்நெட்டில் வெளியே தெரியும் உங்கள் முகவரியை) சரியாகக் கொடுங்கள். 5060-ஐ மட்டும் ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வெளிநாட்டுக்குப் பேசி பில்லை ஏற்றிவிடுவார்கள்.

கரண்ட் போனால் இன்னொரு கூத்து: இன்வர்ட்டரில் ஃபேன் ஓடும், இன்டர்நெட் தரும் ஃபைபர் பெட்டி இன்வர்ட்டரில் சேராமல் செத்துக் கிடக்கும், போனும் அதோடு போச்சு.