பொது நிர்வாகப் பட்டமும் நிர்வாக சேவையும்
தம்பி, "பொது நிர்வாகம் படித்தால் நேரே நிர்வாக சேவைதான், வேறு பட்டம் எடுத்தவர்கள் விண்ணப்பிக்கவே ஏலாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை. ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து எதைத் தெரிவது என்று பிள்ளைகள் யோசிக்கிற நேரம், இதை நம்பி யாரும் மாறிப் போட்டுவிடக் கூடாது.

இலங்கை நிர்வாக சேவை என்பது பிரதேச செயலாளர் போன்ற உயர் பதவிகளில் இருப்பவர்களின் அரச சேவை. பட்டம் முடித்து வெளியிலிருந்து அதில் சேருகிறவர்கள் திறந்த போட்டிப் பரீட்சை எழுதித்தான் போக வேண்டும். வர்த்தமானி அறிவித்தலில் கல்வித் தகைமை என்ற பகுதியை ஒருக்கா வாசித்துப் பாருங்கள், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம் என்றுதான் கேட்கிறார்கள், இன்ன பாடம் என்று இல்லை. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விவசாயம் படித்த பிள்ளையும் ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், அரபு மொழி படித்த பிள்ளையும் அதே தாளைத்தான் எழுதும், தமிழிலேயே எழுதலாம். அப்புறம் நேர்முகம், நியமனம், பயிற்சி. சேர்ந்த பிறகு சிங்களத் தேர்ச்சியும் காட்ட வேண்டும், அதை இப்போதே தொடங்குவது நல்லது.

அதற்காகப் பொது நிர்வாகம் வீண் என்று சொல்ல வரவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்த மாகாண சபைக்கு என்ன அதிகாரம், பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களை மாற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒரு பிரதேச செயலாளர் எதில் கையெழுத்து வைக்கலாம், களுவாஞ்சிகுடியில் ஒரு வீதி போடக் காசு எந்த வழியால் வருகிறது, இதையெல்லாம் ஒழுங்காக விளங்கிக்கொள்ள அருமையான பாடம் அது. விருப்பம் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். நியமனக் கடிதம் மட்டும் பட்டத்தோடு சேர்ந்து வராது.