திருப்பூரில் கம்பெனி திறப்பதும் மூடுவதும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆரம்பிப்பது பெரிய காரியமே இல்லை. வாடகைக்கு ஒரு ஷெட், தவணையில் நாலு ஓவர்லாக், இரண்டு ஃப்ளாட்லாக் தையல் மெஷின், ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைக்கும் வேலை) கொடுக்க, தெரிந்தவர் ஒருவர். போதும். நூல் வாங்க வேண்டாம், சாயம் போடத் தெரிய வேண்டாம். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காஜா பட்டன் இன்னொருவர் என்று வேலையை ஊரே பங்கு போட்டு வைத்திருக்கிறது. நேற்றைய டெய்லர் இன்று முதலாளி ஆவது இங்கே சகஜம். அதே மெஷின்களை வேறு ஊரில் கொண்டுபோய்ப் போட்டால், ரிப்பேர் பார்க்கவே ஆள் தேட வேண்டியிருக்கும்.

மூடுவதும் அதே வேகத்தில்தான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயத்தைத் தொட்டே பார்க்காத தையல் யூனிட்டுகளும் சேர்ந்து தவித்தன. (தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் அது ரொம்பத் தாமதம் என்பார்கள்.) 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அப்படித்தான். வாஷிங்டனில் எடுத்த முடிவுக்கு, பையரை (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரை) நேரில் பார்த்தே இராத ஜாப் ஒர்க்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு 'நிர்வாகத் திறமை போதாது' என்று வகுப்பெடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் அமெரிக்கா மேல் போட முடியாது. சனிக்கிழமை ஆனால் சம்பளம் கொடுத்தாக வேண்டும், பில் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் நல்லா ஓடுகிற யூனிட்டே படுத்துவிடுகிறது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. வட்டி கேட்டால் பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது. யார் கேட்பார்கள்?

அப்புறம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்தது. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் வரை வாங்கியவர் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏப்ரல் பில்லுக்கு மார்ச்சில் பணம் கொடுத்தால்கூட அந்த ஆண்டுக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம். பதினோரு மாதம் காத்திருந்தவருக்கு என்ன மிச்சம்?

பில்லைக் காட்டி உடனே பணம் வாங்க ட்ரெட்ஸ் (TReDS) என்ற இணையத் தளம் இருக்கிறது. சரக்கு வாங்குபவர்களில் அதில் கட்டாயமாகச் சேர வேண்டியவை, மத்திய பொதுத்துறை நிறுவனங்களை விட்டால், 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள்தான். திருப்பூரில் அந்த வரம்பைத் தாண்டுபவை கொஞ்சம். புதிதாகத் தொடங்க மானியம் கேட்பதை விட்டுவிட்டு, இந்த வரம்பை 50 கோடிக்கு இறக்கச் சொல்லி நம் ஊர்ச் சங்கங்கள் கேட்கலாம். பாக்கி வைத்திருப்பவர்களும் அதே சங்கங்களில்தான் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.