ஹெக்டருக்கு அந்தப் பெயரே இருக்கட்டும்

பட்டாம்பூச்சி பார்க்கப் போகும் நண்பர்கள் சிலரிடம் இப்போது ஒரு கோபத்தைப் பார்க்கிறேன். நம்ம ஊர்ப் பூச்சிக்கு எதற்குக் கிரேக்கப் பெயர், அதை மாற்றச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. விலங்குகளுக்கு வைக்கப்பட்ட அறிவியல் பெயர்களில் பெரும்பாலும் பொய் சொல்லாத, யாருக்கும் துதி பாடாத, விலைக்குப் போகாத பெயர்கள் என்றால் புராணங்களிலிருந்து எடுத்தவைதான்.

பாக்லியோப்டா ஹெக்டரையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள், உடம்பும் நல்ல சிவப்பு. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் வளர்கிற இடங்களில் முட்டையிட வரும். இந்தியாவிலும் இலங்கையிலும் பறக்கிற இதற்கு 1758-ல் பெயர் வைத்தவர் ஸ்வீடனின் இயற்கையியலாளர் லின்னேயஸ். அவர் நம் பக்கம் வந்ததே இல்லை. ஸ்வீடன் ராணி லோவிசா உல்ரிகாவின் சேகரிப்பு போன்றவற்றில் ஊசி குத்தி வைத்திருந்த உலர்ந்த பூச்சிகளைத்தான் பார்த்தார். அந்த ஆண்டு வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’ பதிப்பு ஒன்றிலேயே 4,000-க்கும் அதிகமான விலங்கினங்களுக்குப் பெயர் சூட்ட வேண்டியிருந்தது. பட்டாம்பூச்சிகள் மட்டுமே 190-க்கு மேல்.

இத்தனை பெயர்களை யார் நினைவில் வைத்துக்கொள்வது? அந்தக் காலத்து ஐரோப்பிய மாணவனுக்கு ட்ராய் நகரத்தாரும் கிரேக்கரும் மோதிய போரைப் பாடும் ஹோமரின் இலியட் காப்பியம் பாடமாகவே இருந்தது. லின்னேயஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டார். பெரிய சிறகுள்ளவற்றை ‘வீரர்கள்’ என்று ஒரு பிரிவாக்கி, அதற்குள் ட்ராய் அணி, கிரேக்க அணி என்று இரண்டாகப் பிரித்தார். பெரும்பாலும் கறுப்பாக, மார்பில் ரத்தச் சிவப்புப் புள்ளிகளோடு இருந்தால் ட்ராய்க்காரர்கள். மார்பில் ரத்தக்கறை இல்லையென்றால் கிரேக்கர்கள். ட்ராய் அரசன் பிரியம், அவன் மகன்கள் ஹெக்டர், பாரிஸ் ஒரு பக்கம். யுலிஸஸ், அகமெம்னான், மெனலாஸ் மறுபக்கம். மணநாள் இரவில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் கணவர்களைக் கொன்ற டானாஸின் 50 மகள்களின் கதையும் வருகிறது. வெள்ளைப் பட்டாம்பூச்சிகளுக்கு அந்த மகள்களின் பெயர்கள், வண்ணமுள்ளவற்றுக்குக் கணவர்களின் பெயர்கள். எருக்கஞ்செடியைச் சுற்றுகிற வெந்தய வரியனின் கிரைசிப்பஸ் என்ற பெயர் அந்தக் கணவர்களில் ஒருவனுடையது. பெயரைக் கேட்டாலே பூச்சி எந்தக் கூட்டம், எப்படி இருக்கும் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

என்னை முழுசாகக் கட்டிப்போட்ட இடம் அடுத்தது. லின்னேயஸ் அதே நூலில் பம்மன் என்று ஒன்றுக்கும், பாலிடெஸ் என்று இன்னொன்றுக்கும் பெயர் வைத்தார். இரண்டும் ஒரே இனம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பம்மன் ஆண், பாலிடெஸ் பெண்; இனத்தின் பெயராக நின்றது பாலிடெஸ். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுகிற, நம் வீட்டுக் கொல்லைக்கே வருகிற பூச்சிதான். இதன் பெண்களுக்குப் பல உருவங்கள் உண்டு. ஆணைப் போலவே இருப்பவை உண்டு. நம் பக்கத்தில் அச்சு அசல் ஹெக்டரைப் போல வேடம் போடுபவையும் உண்டு. ஹெக்டரின் உடம்பில் அது புழுவாகத் தின்ற செடியின் நஞ்சு இருக்கிறது, பறவைகள் தொடத் தயங்கும். நஞ்சே இல்லாத பாலிடெஸ் அந்தச் சாயலைப் பூண்டு பிழைத்துக்கொள்கிறது. பாலிடெஸ் பெண்களின் பல உருவங்களும் ஒரே இனம்தான் என்று 1865-ல் விளக்கி எழுதியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ்.

இனி இலியட்டின் 24-ஆம் காண்டத்துக்கு வாருங்கள். ஹெக்டர் செத்துவிட்டான். பிணத்தை மீட்க, அவனைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலிஸிடம் கிளம்புகிற கிழவன் பிரியம், மிச்சமிருக்கும் மகன்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறான்: ஹெக்டருக்குப் பதில் நீங்களெல்லாம் செத்திருக்கக் கூடாதா என்று. திட்டு வாங்கும் அந்த வரிசையில் பம்மனும் இருக்கிறான், பாலிடெஸும் இருக்கிறான். அண்ணனுக்கு ஈடாகாதவர்கள் என்று அப்பன் கைவிட்ட பெயர்கள், அண்ணனின் உருவத்தை அணிந்து உயிர் பிழைக்கும் ஒரு பூச்சிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. லின்னேயஸுக்கு இந்த வேடம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. திட்டமிட்டு வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது. இதை அழித்துவிட்டு ‘கறுப்பு சிவப்பு’ என்று எதையோ எழுதச் சொன்னால் எப்படி மனம் வரும்?

தோற்றத்தையோ இடத்தையோ விவரித்து வைத்த பெயர்கள் என்ன ஆயின என்றும் பார்க்கலாம். நியூ கினியிலிருந்து பாடம் செய்து வந்த சொர்க்கப் பறவைகளின் தோல்களில் கால்கள் வெட்டப்பட்டிருந்தன. அதனால் அதே 1758-ல் அந்தப் பறவைக்கு ‘காலற்றது’ என்று பெயர் விழுந்தது. இரண்டு காலோடும் அது இன்றைக்கும் ‘அபோடா’தான். ஆஸ்திரேலியாவின் கூகபரா மீன்கொத்தி நியூ கினியில் கிடையாது, அதன் அறிவியல் பெயரிலோ நியூ கினி இருக்கிறது.

ஆட்களின் பெயரை வைப்பது இன்னும் மோசம். ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் கண்ணில்லாத ஒரு வண்டுக்கு 1937-ல் ஹிட்லர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயருக்காகவே நாஜி நினைவுப்பொருள் சேர்ப்பவர்கள் அதைத் தேடிப் பிடிக்க, ஒன்றும் அறியாத அந்த வண்டினம் ஆபத்தில் இருக்கிறது. 2005-ல் பொலிவியாவின் டிடி குரங்கு ஒன்றுக்குப் பெயர் வைக்கும் உரிமை ஏலம் போனது. 6,50,000 டாலர் கொடுத்து வாங்கியது ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம். பணம் காட்டைக் காக்கப் போனது, நல்லதுதான். ஆனால் உலகம் உள்ளளவும் அந்தக் குரங்கின் பெயரில் சூதாட்டக் கம்பெனி இருக்கும். ஆட்களின் பெயர் தாங்கிய பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மாற்றப் போவதாக அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023-ல் அறிவித்தது. பிரியத்தின் மகன்கள் பெயரை வைத்து இப்படி ஒரு வழக்கும் வராது.

புராணப் பெயர்கள் எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். குரங்குகள் விஷயத்தில் எனக்கே உறுத்தல் உண்டு. ஒராங்குட்டானுக்கு லின்னேயஸ் வைத்தது சாட்டிர், அதாவது காமவெறி பிடித்த அரைமனிதன். அந்தப் பெயர் பின்னாளில் கைவிடப்பட்டது, சரியான காரியம். நம் சிங்கவால் குரங்குக்கு சைலீனஸ், கிரேக்க மதுக் கடவுள் டயோனிஸஸின் குடிகாரக் கிழத் தோழன். வால்பாறைப் பக்கம் மரத்துக்கு மரம் தாவும் அந்தக் கம்பீரத்தைப் பார்த்த யாருக்கும் அப்படி ஒரு பெயர் தோன்றாது. ரீசஸ் குரங்கின் பெயர் இலியட்டில் வரும் திரேஸ் நாட்டு அரசனுடையது. வந்த இரவே தூக்கத்தில் கொல்லப்பட்டவன். பெயர் வைத்த பிரெஞ்சு இயற்கையியலாளர் ஆடபேர் இதற்கு அர்த்தமே கிடையாது என்று சொல்லிவிட்டார். 1940-ல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ரத்தத்தில் ஒரு காரணியைக் கண்டு அதற்கு அந்தக் குரங்கின் பெயரை வைக்க, இன்று நம் ஒவ்வொருவரின் ரத்த வகையிலும் ‘ஆர்எச் பாசிட்டிவ்’, ‘ஆர்எச் நெகட்டிவ்’ என்று அவன் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. தமிழ்நாடு 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது தமிழ் மறவனை. அதன் அறிவியல் பெயரில் இருப்பவள் அலெக்சாண்டர் காலத்து ஏதென்ஸ் பெண் தாயிஸ். இரண்டு பெயரும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கின்றன. விதிப்படி முதலில் வெளியான அறிவியல் பெயருக்கே முன்னுரிமை, பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற வழியில்லை. புதிதாகக் கண்டுபிடிப்பவற்றுக்கு அந்தத் தடை கிடையாது. சிவாலிக் மலையில் கிடைத்த புதைபடிவ விலங்குக்கு 1836-லேயே சிவனின் பெயரால் சிவதேரியம் என்று வைத்தார்கள். கேரளத்தில் நிலத்தடி நீரில் வாழும் ஒரு மீனுக்கு 2019-ல் மகாபலியின் பெயரை வைத்தார்கள். பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட அரசனுக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடைக்குமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் பெயரில்லாத தவளைகளும் பூச்சிகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை விவரித்து எழுதும் நம் பிள்ளைகள் அமைச்சர் பெயரையும் நன்கொடையாளர் பெயரையும் தேடாமல், பாரியையும் கண்ணகியையும் அரவானையும் தேடட்டும். அதற்குக் குரல் கொடுப்போம், நானும் வருகிறேன்.