வரத்து, திறப்பு, இருப்பு

எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருவன் செத்துப்போனால், சுமார் முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. "ஆழ்ந்த இரங்கல்", கும்பிடும் கை, "நல்ல மனுஷன்", மறுபடி கும்பிடும் கை. நடுவில் விவரம் தெரியாத ஒருவன் பேரன் பிறந்தநாள் கேக்கைப் போட்டுவிட்டு அவசரமாக அழிப்பான். சாயங்காலம் மேட்டூர் அணை நிலவரம் வந்துவிடும். அதோடு சரி.

கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரியில் 1978இல் கணக்குப் பாடம் எடுத்துச் சேர்ந்தவர்கள் நாங்கள். ராமானுஜன் படித்த இடம். கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு அவர் உதவித்தொகையை இழந்ததும் இங்கேதான். அரியர் வைத்த எங்களுக்கெல்லாம் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் நாங்கள் கணக்கிலும் சேர்த்துத்தான் கோட்டைவிட்டோம். வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர், நான்கு பேர் இருந்ததால் ஊர் பெயரே ஆள் பெயராகிவிட்டது. பேரளம், வலங்கைமான், ஆடுதுறை, கொரடாச்சேரி. 1980 மகாமகத்தின்போது குளத்தங்கரையில் கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பயல்கள். அப்புறம் ஆளுக்கொரு திசை. 2016 மகாமகத்துக்கு வந்தவர்கள் ஒரு ஓட்டலில் கூடினோம், அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் குழு. அப்போது 39 பேர். இப்போது 30. இரண்டு பேர் 2021 கொரோனாவில் போனார்கள்.

போன மாசம் பேரளம்.

அவன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குழுவில் அவனுடைய வேலை காலை வணக்கம் அனுப்புவது மட்டும். தாமரை, உதயசூரியன், கோயில் கோபுரம், ஏதோ ஒரு பொன்மொழி. அதுவும் சில நாள் விடிகாலை நாலு மணிக்கே வந்து விழும். "டேய், சேவல்கூட இன்னும் எழுந்திருக்கலைடா" என்று நான்தான் ஒருநாள் எழுதினேன். அதற்குச் சிரிக்கும் முகம் 14 விழுந்தது. அவனும் ஒன்று போட்டான்.

துக்கம் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்று வருஷமாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி, முதல் ஷிப்ட். அதற்காக மூன்றரைக்கு எழுந்து, குளித்து, ஆட்டோ வரும்வரை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பானாம். அந்த நேரத்தில்தான் எங்களுக்குத் தாமரை அனுப்பியிருக்கிறான். வீட்டுக்கு வந்து பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நாலு மணி வணக்கம் எல்லாம் திங்கள், புதன், வெள்ளி. மற்ற நாட்களில் ஆறரை. கணக்குப் படித்தவன் நான். மூன்று வருஷம் கண்ணுக்கு முன்னால் இருந்த வரிசை தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் வைகாசியில் வலங்கைமான் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் வெயில் கொளுத்துகிறது. பேரளம் மட்டும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். பந்தியில் வாழைப்பழத்தை ஒதுக்கினான். ரசம் வாங்கவில்லை. இளநீர் கொடுத்தார்கள், வேண்டாமென்றான். காபி வேண்டாமென்றான். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு காபி வேண்டாம் என்கிறவனை என்ன செய்வது? "மொய் எழுதாம போறதுக்கு இப்பவே ரிகர்சல் பாக்குறான்டா" என்று ஆடுதுறை சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சிறுநீரகம் போனவனுக்கு வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம், ஆகாது. தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். இடது கையில் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்த இடம் புடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் முழுக்கை.

ஏன் சொல்லவில்லை என்று அவன் வீட்டம்மாவிடம் கேட்டேன். "சின்னதுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம்ணே. அப்பாவுக்கு இப்படின்னு தெரிஞ்சா வர்றவங்க யோசிப்பாங்கன்னாரு. உங்க யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு." இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? கல்யாணம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அதற்குள் சொல்லாமலே இருந்து பழகிப்போயிருக்கும்.

ஆனால் குழுவில் இருக்கிற நம்மைக் கேட்காமல் விட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழுவில் ஒரு சட்டம் போட்டோம். அரசியல் வேண்டாம், சாதி மதம் வேண்டாம், சோகச் செய்தி வேண்டாம், "பாசிட்டிவாக" மட்டும் எழுதுங்கள் என்று. முதல் இரண்டும் சரி. மூன்றாவதற்குக் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், அது முட்டாள்தனம் என்று இப்போது சொல்கிறேன். அறுபத்தைந்து வயதுக்காரனிடம் சோகச் செய்தியைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? டல்லாஸில் பையன் வாங்கிய வீடு, பேத்தியின் பரதநாட்டியம், கொடைக்கானல் போட்டோ. அதையும் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முட்டி மாற்றியவன், கண்புரை எடுத்தவன், மனைவிக்கு ஞாபகம் தப்பிப்போய் வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எல்லாரும் எங்கே போவார்கள்?

சொன்னால் வேறு தொல்லை என்பதும் உண்மைதான். சர்க்கரை என்று ஒருவன் வாய் திறந்தால் போதும், வெந்தயம், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி என்று பத்துப் பேர் வைத்தியராகிவிடுகிறோம். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கிட்னி புதுசாகிவிடும் என்று குழுவில் ஒரு வீடியோ வந்தது. பேரளம் அதைப் பார்த்திருப்பான். பேசாமல் இருந்திருக்கிறான்.

நம் பக்கத்தில் சாவுக்குப் போகாமல் இருந்தால் ஆயுசுக்கும் பேச்சு. அமெரிக்காவில் இருப்பவன்கூடப் பதினாறாம் நாள் காரியத்துக்குள் யாரையாவது அனுப்பிவிடுவான். ஆனால் உயிரோடு இருப்பவனைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. என் வீட்டிலிருந்து பேரளம் குடியிருந்த தெருவுக்கு நடந்தால் இருபது நிமிடம். கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் பயிர் கருகிவிடுகிறது என்று வருஷா வருஷம் புலம்புகிற ஊர்க்காரர்கள்தானே நாம்?

இதையெல்லாம் போன வாரம் குழுவிலேயே எழுதினேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒருவன், "2028 மகாமகத்துல எல்லாம் நேர்ல பேசிக்கலாம்" என்றான். எத்தனை பேர் பேச இருப்போம் என்று கேட்க வந்து, அடித்ததை அழித்துவிட்டேன்.

கொரடாச்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் மேட்டூர் நிலவரம் போடுகிறவன் அவன்தான். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு கன அடி, திறப்பு எவ்வளவு, இருப்பு எத்தனை டி.எம்.சி. வழக்கமாகப் பாசனத்துக்கு அணை திறக்கிற ஜூன் 12 நெருங்க நெருங்க நாளைக்கு இரண்டு தடவை போடுவான். இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. மறுநாள் காலை மேட்டூர் கணக்குக்குக் கீழே இதைச் சேர்த்திருந்தான்:

"கொரடாச்சேரி அணை: சர்க்கரை 260. கிட்னி கிரியாட்டினின் 2.1. கால் வீக்கம் உண்டு. வரத்து அதிகம், திறப்பு குறைவு."

ஒருத்தரும் வெந்தயம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆடுதுறை, "ஆடுதுறை அணை: ஸ்டென்ட் ரெண்டு. இருப்பு பரவாயில்லை" என்று எழுதினான். அவனுக்கு ஸ்டென்ட் வைத்தது எப்போது? அதுவும் எங்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொரடாச்சேரி போகிறேன். போன் பண்ணிச் சொன்னதும், "வெறுங்கையோட வராதடா, கும்மோணம் கொழுந்து வெத்தல ஒரு கவுளி வாங்கிட்டு வா" என்றான். சீவல் அவனிடமே இருக்கிறதாம்.