0.095 புள்ளிக்கு இத்தனை சண்டையா?

2020 உலக மகிழ்ச்சி அறிக்கை நகரங்களையும் வரிசைப்படுத்தியது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் 7.625 பெற்று 2-ஆம் இடம். தலைநகர் கோபன்ஹேகன் 7.530 பெற்று 5-ஆம் இடம். இப்படிப் பட்டியல் வந்தாலே, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் 'எங்க ஊர்தான் உசத்தி' என்று மல்லுக்கட்டுவது எரிச்சலாக இருக்கிறது. வித்தியாசம் வெறும் 0.095!

அந்த எண் வருவது ஒரே கேள்வியிலிருந்து. 0 முதல் 10 வரை படியுள்ள ஏணி. உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆகச்சிறந்த வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? பதில்களின் சராசரிதான் மதிப்பெண்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊருக்கு 300 பேரிடம் கேட்டார்கள், திட்டவிலக்கம் (பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 1.6 என்று வையுங்கள். 1.6-ஐ 300-இன் வர்க்கமூலமான 17.3-ஆல் வகுத்தால் 0.09; சராசரி வழக்கமாக ஊசலாடும் அளவு இது. ஏறக்குறைய 95% உறுதிக்காக அதை இரட்டித்தால், மேலும் கீழும் 0.18 வரை பிழை வரலாம். இரண்டு ஊரை ஒப்பிட்டாலோ பிழை இன்னும் கூடும். இதில் யார் முன்னால் என்று எப்படிச் சொல்வது?

அறிக்கையின் வரைபடத்திலேயே ஒவ்வொரு பட்டைக்கும் பிழைக்கோடு, அதாவது எண் எவ்வளவு மேலே கீழே போகலாம் என்று காட்டும் கோடு, போட்டிருக்கிறார்கள். செய்தியாக்குபவர்கள் அதை வெட்டியெறிந்துவிட்டு இட எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்தக் கோட்டையும் சேர்த்துப் போடுங்களேன்!