மருந்து இலவசம், சரி. போய்வரும் நாள்?

"ஆஸ்பத்திரி இருக்கு, மருந்து இலவசம், அப்புறம் என்ன குறை?" என்று கேட்பவர்கள் சர்க்கரை நோயாளி ஒருவரின் உள்ளங்காலை உற்றுப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் வராவிட்டால் பாதம் மரத்துப்போகும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை போதும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இழையைப் பாதத்தில் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் 10 கிராம். அது தெரியவில்லை என்றால் காலைக் காக்கும் உணர்ச்சி போய்விட்டது. காய்ப்பு மேல் வைத்துப் பார்க்கக் கூடாது, முடிவு தப்பாக வரும். வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய சில நிமிட வேலை. ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் ஓ.பி.யில் செருப்பைக் கழற்றச் சொல்லவே நேரமிருக்காது.

மரத்த காலில் செருப்பு கடித்தாலும் தெரியாது. காய்ப்புக்கு அடியில் புண் ஏற்பட்டாலும் வலி இல்லாததால் நடந்துகொண்டே இருப்பார். சீழ் பிடிக்காத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேலைக்காகாது. அதன் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வைத்தியம். முழங்காலுக்குக் கீழே கழற்ற முடியாத கட்டு, வாரக்கணக்கில். நின்றபடியே வேலை செய்து தினக்கூலி வாங்குபவரிடம் "ஆறு வாரம் காலை ஊன்றாதீங்க" என்றால் அவர் என்ன செய்வார்? கட்டு வேண்டாம் என்று கிளம்புவார். புண் எலும்பு வரை போய், விரலை எடுக்க வேண்டிய நிலையில் திரும்பி வருவார். கேஸ் ஷீட்டில் "சொன்னதைக் கேட்கவில்லை" என்று எழுதுவார்கள். எனக்கு எரிச்சலூட்டும் வாசகம் அது.

சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் டயாலிசிஸிலும் இதே கதைதான். வழக்கமாக வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம். மையத்துக்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் வாரத்தில் 24 மணி நேரம் அதற்கே போய்விடும். கட்டுப்படியாகாமல் ஒரு தடவை விட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம், நுரையீரலில் நீர் கோத்துப் படுக்க முடியாமல் மூச்சு முட்டலாம். இயந்திரம் இலவசமாக ஓடினாலும் இதுதான் நிலை.

பிரிட்டனின் வேல்ஸ் சுரங்கப் பகுதியில் பணியாற்றிய பொது மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது. பிரிட்டனில் இலவச மருத்துவம் 1948-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

புதுக் கட்டடம் திறப்பதைவிட நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் நடைகளைக் குறைப்பதுதான் முதலில் நடக்க வேண்டும் என்பேன். டோஸ் நிலைப்பட்ட பிரஷர், சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் வருடத்துக்கு 12 நடை நான்காகும். காலையில் ரத்தம் எடுத்து, ரிசல்ட்டை அன்றே டாக்டர் பார்த்தால் இன்னொரு நாள் கூலி மிஞ்சும். பாதச் சோதனையை நர்ஸ் செய்யலாம், டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. "மொத்தமாகக் கொடுத்தால் வீணாக்குவார்கள்" என்பார்கள். டோஸ் மாற்றும் காலத்தில் மாதாமாதம் வரச்சொல்லுங்கள், நியாயம். அதே மாத்திரையை அதே அளவில் இரண்டு வருடமாக வாங்குபவரை எதற்காக மாதாமாதம் வரிசையில் நிற்க வைக்கிறீர்கள்?