ஸ்கேன் செய்தால் மட்டும் போதுமா?

குதிக்கும் சிலந்திகளைப் படமெடுத்துப் பெயர் தேடுவது பல வருடமாக என்னிடம் இருக்கும் பழக்கம். என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விடுமுறை நாள் ஆசை. போன மாதம் ஒரு பெண் சிலந்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேரினம் சீக்கிரமே பிடிபட்டது. சிற்றினத்தை உறுதி செய்ய 19ஆம் நூற்றாண்டில் வந்த ஒரு விவரணையைப் பார்த்தாக வேண்டும். இரண்டு பக்கம், கூடவே ஒரு வரைபடம். உலகச் சிலந்திப் பட்டியலின் இணையதளத்தில் பெயரைத் தட்டினேன், பக்கம் கையில் வந்துவிட்டது.

குளவிகளைப் பார்க்கும் என் நண்பருக்கு இதே போன்ற ஒரு விவரணை கிடைக்க ஏழு மாதம் ஆனது. கட்டுரை அச்சாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எழுதியவர் எப்போதோ மறைந்துவிட்டார், பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு பதிப்பகம் அதைப் பூட்டி வைத்துக் காசு கேட்கிறது. கடைசியில் யாரோ ஒரு நூலகர் இரக்கப்பட்டு அனுப்பிய நகலில்தான் அவர் வேலை நடந்தது. அன்றிலிருந்து இந்த விஷயம் என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

"நூறு வருடப் பழைய கட்டுரைதானே, அதற்கு ஏன் இவ்வளவு தவிப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற பல துறைகளில் 1890இல் வந்த கட்டுரையை வரலாற்று ஆர்வத்தில்தான் யாராவது புரட்டுவார்கள். உயிர்களுக்குப் பெயர் வைக்கும் துறையில் அது இன்றைக்கும் செல்லுபடியாகும் ஆவணம். ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருந்தால், பொதுவாக முதலில் வெளியான பெயரே நிற்கும். தாவரங்களுக்கு இந்தக் கணக்கு 1753இல் தொடங்குகிறது, விலங்குகளுக்கு 1758இல். சிலந்திகளுக்கு மட்டும் ஒரு சலுகை: ஸ்வீடனைச் சேர்ந்த கிளெர்க் 1757இல் வைத்த பெயர்களும் செல்லும். ஆக, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல நினைப்பவர், இதற்கு முன் யாரும் அதைச் சொல்லவில்லை என்பதை இரண்டரை நூற்றாண்டுத் தாள்களுக்குள் தேடி உறுதி செய்ய வேண்டும். அந்தத் தாள்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கும் சில பழைய நூலகங்களில் கிடக்கின்றன. உயிரினங்கள் அதிகம் வாழ்வதோ வெப்பமண்டல நாடுகளில். அங்கே வேலை செய்பவருக்குத் தன் காட்டுப் பூச்சியைப் பற்றிய முதல் வாக்கியமே எட்டாத தூரத்தில் இருப்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த நிலைமையைப் பெரிய அளவில் மாற்றியது பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணைய நூலகம். 2006இல் சில நூலகங்கள் கைகோத்து ஆரம்பித்தது. இன்று 6 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் யாரும் இலவசமாகப் படிக்கும்படி அங்கே இருக்கின்றன. நான் அதிகம் மதிப்பது பக்கங்களின் எண்ணிக்கையை அல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் வரும் அறிவியல் பெயர்களைக் கணினி நிரலே படித்து எடுத்து வைக்கிறது. ஒரு பெயரைத் தட்டினால் அது எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று வரிசையாகக் கொடுக்கிறது. சார்லஸ் டேவிஸ் ஷெர்போர்ன் என்பவர் 1758 முதல் 1850 வரை வெளியான விலங்குப் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தொகுக்க நாற்பது வருடத்துக்கும் மேல் செலவிட்டார். நாலு லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். அந்த மனிதர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்வி வருகிறது. பழைய நூலைப் படம் பிடித்து ஏற்றிவிட்டு "திறந்துவிட்டோம்" என்று பல நிறுவனங்கள் நிறுத்திக்கொள்கின்றன. படம் மனிதக் கண்ணுக்குத்தான் எழுத்து, கணினிக்கு வெறும் புள்ளிகள். அதை எழுத்தாக்க ஓசிஆர் நிரல் வேண்டும், அதுவும் பழைய அச்சில் தடுமாறும். 18ஆம் நூற்றாண்டு லத்தீன் நூல்களில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் ஒன்று வரும். நிரல் அதை 'எஃப்' என்று படித்துவிடும். ஒரு எழுத்து மாறினால் பெயரே வேறு, தேடலில் அந்த உயிர் காணாமல் போய்விடும். அப்புறம் படத்தின் தரம். சிலந்தியில் சிற்றினத்தைப் பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்புகளின் வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்வோம். இடத்தை மிச்சப்படுத்த வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால், ஓவியர் புள்ளி புள்ளியாக வைத்த நிழல் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அந்தப் பக்கம் இருந்தும் எங்களுக்கு உதவாது.

எழுத்து சரியாக வந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. ஒரு கட்டுரைக்குள் பெயர், எங்கே பிடித்தது, எந்தத் தேதி, எந்தச் செடியின் மேல், மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் என்று எல்லாம் இருக்கும். சுவிட்சர்லாந்தில் இயங்கும் பிளாசி அமைப்பு இந்தத் துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து, குறியிட்டு, திறந்த தரவாக வெளியிடுகிறது. இந்தச் சிலந்திக்கு எட்டுக் கண், கால் இவ்வளவு நீளம் என்பதெல்லாம் உண்மைத் தகவல், அதை யாரும் பதிப்புரிமை சொல்லிப் பூட்ட முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு.

அருங்காட்சியகங்களின் நிலைமை இன்னும் மோசம். 28 நாடுகளின் 73 பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களைப் பற்றி 2023இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. சுமார் 110 கோடி பொருள்கள், அதில் இணையத்தில் தேடி எடுக்கும்படி இருப்பது 16 சதவீதம்தான். மீதியெல்லாம் இழுப்பறைக்குள், கையெழுத்துச் சீட்டோடு. 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சிச் சேகரிப்பின் பெரும்பகுதி போய்விட்டது. அப்படி எரிந்த ஒரு பூச்சியைப் பற்றி, வெளியே எங்காவது எழுதி வைத்த அளவுக்குத்தான் இனி நமக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1999இல் விவரிக்கப்பட்ட ஒரு சீனப் பல்லி, கட்டுரையில் இருந்த இடக் குறிப்பை வைத்தே வேட்டையாடப்பட்டு, முதலில் கண்ட இடத்திலிருந்தே துடைத்தெடுக்கப்பட்டது. விலைபோகும் உயிர் என்றால் இடத்தை மங்கலாக்கித் தரத்தான் வேண்டும். எந்த உயிர் எங்கே காணப்பட்டது என்ற பதிவுகளைச் சேர்க்கும், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் தரவுத்தளத்தில் அதற்கு வழி இருக்கிறது. அங்கே 300 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்திருக்கின்றன, பாதிக்கு மேல் பறவைகள். பூச்சிகளைப் பொறுத்தவரை பிரச்சினை தலைகீழ்: யாரும் எதையும் எழுதி வைக்காததுதான்.

என் பெரிய கவலை பராமரிப்புச் செலவு. 2025இல், பல்லுயிர் மரபு நூலகத்தை நடத்துவதில் முக்கியப் பொறுப்பு வகித்த அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. உலகமே பயன்படுத்தும் நூலகம் ஒரு நிறுவனத்தின் பட்ஜெட்டில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஆய்வுக்குப் பணம் தருபவர்கள் சர்வருக்கும், பிழை திருத்துபவருக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். இன்று புதிய சிற்றினத்தை விவரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டுரையைத் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள், மாதிரிகளின் பட்டியலை அட்டவணையாகக் கொடுங்கள். நூறு வருடம் கழித்து யாரும் நூலகரிடம் கெஞ்ச வேண்டி இருக்கக் கூடாது.

நண்பர் இப்போது அந்தக் குளவிக் கட்டுரையின் இடப் பெயர்களை இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். மொத்தம் பதினோரு இடங்கள். நேற்றுவரை நாலு முடிந்திருக்கிறது. இரண்டு ஊர்கள் இன்றைய வரைபடத்தில் எங்கே என்று நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.